பொயிக் கிண்ணம் திறந்திருந்த வீடு

ஹவாய்க்குப் போகிறவர்கள் எங்கே நின்று எதைச் சாப்பிட வேண்டும் என்பது எனக்குத் தலைகீழாகப் பாடம். நான் ஹவாய்க்குப் போனதில்லை. போகிற எண்ணமும் இல்லை. ரொறன்ரோவில், மோர்னிங்சைட்டில் ஒரு மனிதருடைய வீட்டு பேஸ்மென்றில் இரண்டு வருடம் வாடகைக்கு இருந்த பாவத்துக்குக் கிடைத்த அறிவு இது. குளிர்காலத்தில் கீழே ஹீற்றர் ஒழுங்காக வேலை செய்யாது. ஹவாய் மட்டும் மேலிருந்து தடையில்லாமல் வந்துகொண்டிருக்கும்.

அவர் பருத்தித்துறைக்காரர். கனடாவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேல். ஒரு காப்புறுதிக் கம்பனியில் நல்ல வேலை. ஹவாயில் அவர் நின்றது மொத்தமாக ஒரு கிழமையும் கொஞ்சமும்தான். மகள் அங்கே வேலைக்குப் போய் அந்த ஊர்ப் பெடியன் ஒருவனைக் கட்டினாள். கலியாணத்துக்குப் போன தகப்பன், பூப்போட்ட சேட்டுகளும், மூடியோடு கூடிய ஒரு மரக் கிண்ணமும், தன்னைத் தவிர ரொறன்ரோவில் ஒருவருக்கும் சாப்பிடத் தெரியாது என்ற முடிவுமாகத் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு மார்கழி மாதத்தில்கூட ஜக்கற்றுக்கு உள்ளே அந்தச் சேட்டைத்தான் போடுவார். கழுத்தடியில் செம்பரத்தம்பூ எட்டிப் பார்க்க, வாசலில் ஸ்னோ தள்ளிக்கொண்டு நிற்பார். பார்க்கச் சகிக்காது.

அவருடைய வாயில் மிகப் பெரிய வசவு "ரூரிஸ்ற் சாப்பாடு" என்பது. ஒரு கிழமை நின்ற மனிதர், மற்றவர்களை ரூரிஸ்ற் என்பார். அடுத்த வீட்டு பேஸ்மென்றுக்குப் புதிதாக ஒருவர் வந்திருந்தார். அகதி வழக்கு இன்னும் விசாரணைக்கு வரவில்லை, ஸ்காபரோவைத் தாண்டிக் கால் வைத்ததில்லை. பஸ்சுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்று கேட்க வந்த அந்த மனிதரைப் பிடித்து வைத்து இவர் பாடம் எடுத்தார்.

"தம்பி, ஹவாய்க்குப் போனீரெண்டால் ஹொட்டேல்காரர் நடத்துற விருந்துக்குப் போயிடாதையும். அது ரூரிஸ்ற்மாரை ஏமாத்துற வேலை. லோக்கல் ஆக்கள் சாப்பிடுறது பிளேற் லஞ்ச். சோறு ரெண்டு உருண்டை, பக்கத்திலை மக்கறோனி சலாட், மேலை இறைச்சி. இல்லாட்டில் லோக்கோ மோக்கோ. சோத்துக்கு மேலை இறைச்சி வடை மாதிரி ஒண்டை வச்சு, அதுக்கு மேலை முட்டை பொரிச்சுப் போட்டு, குழம்பு விடுவினம். விளங்கிச்சோ?"

"ஓம் அண்ணை. ஹொட்டேல் விருந்துக்குப் போகமாட்டன்" என்று அந்த அப்பாவி சத்தியம் பண்ணிக் கொடுத்தது. பஸ் எந்தப் பக்கம் வரும் என்பதை நான்தான் சொல்லி அனுப்பினேன்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவரை ஒரு சாப்பாட்டு ராமன் என்று நினைக்கத் தோன்றும். அவர் அதிகம் சாப்பிடுவதில்லை. சாப்பாடு அவருக்கு மற்றவர்களின் வாய்க்குத் தேவையான சாமான். ஒருவர் ஏதாவது கேட்கப் போகிறார் என்றால் இவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். கேட்கிறவர் வாயைத் திறக்க முன்னரே கையில் ஒரு கோப்பை வந்துவிடும்.

முதல் குளிர்காலத்தில் எனக்கு அது விளங்கவில்லை.

"அண்ணை, ஹீற்றர் திரும்ப நிண்டிட்டுது. ராத்திரி விறைச்சுப் போனன்."

"வாரும், வாரும். முதல் இதைச் சாப்பிடும்."

சோற்றுக் கட்டி ஒன்றின் மேல் டின் இறைச்சித் துண்டு ஒன்றைப் பொரித்து வைத்து, கறுப்புக் கடற்பாசித் தாளால் வார் கட்டியது போலச் சுற்றியிருந்தது.

"உது முசுபி. அங்கை பெற்றோல் அடிக்கிற இடத்திலையும் விக்கும். லோக்கல் ஆக்கள் வேலைக்குப் போகேக்கை காருக்குள்ளை வச்சே சாப்பிடுவினம்."

"நல்லாத்தான் இருக்கு அண்ணை. அந்த ஹீற்றர்…"

"சோறு இளஞ்சூடாய் இருக்கோணும். இறைச்சிக்கு ஓரம் முறுகியிருக்கோணும். ரெண்டிலை ஒண்டு பிழைச்சாலும் அது முசுபி இல்லை."

அந்தக் குளிர்காலம் முழுக்க முசுபி தின்றேன். ஹீற்றரைக் கடைசியில் என்னோடு வேலை செய்கிற ஒரு போலிஷ்காரன் வந்து திருத்தித் தந்தான். இவர் அவனுக்கும் ஒரு முசுபி கொடுத்தார்.

ரூஜ் பக்கம் இருக்கிற தமிழ்க் குடும்பம் ஒன்று உண்மையிலேயே ஹவாய்க்குப் போனது. போக முதல் இவரிடம் வந்து ஒரு பின்னேரம் முழுக்க இருந்து கேட்டார்கள். துண்டு துண்டாக வெட்டிப் பிரட்டிய பச்சை மீனை எங்கே வாங்குவது, சீவின ஐஸுக்கு எந்தப் பழப் பாணி ஊற்றுவது, உள்ளே ஒன்றுமில்லாத சீனி டோனற்றைச் சூட்டோடு எந்தப் பட்டினத்தில் சாப்பிடுவது என்று இவர் ஒன்றுவிடாமல் ஒப்புவித்தார். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போய், ஒரு சூட்கேஸ் நிறைய அரிசியும் றைஸ் குக்கரும் மிளகாய்த்தூளும் கருவாடும் கட்டிக்கொண்டு விமானம் ஏறினார்கள். எங்கள் சனம் அப்படித்தான். கடல் கடந்து போனாலும் சோற்றுப் பானையைக் காவிக்கொண்டுதான் போகும். ஹொட்டேல் அறையில் கருவாடு பொரித்ததில் நெருப்பு மணி அடித்து, மாடி முழுவதும் இருந்த ஆட்களை நீச்சல் உடுப்போடு வெளியே இறக்கிவிட்டார்களாம். அந்தக் குடும்பத்தை இவர் அதற்குப் பிறகு கோயிலில் கண்டாலும் முகம் கொடுக்கமாட்டார். ஒரு வீட்டில் சாவு விழுந்தால்கூட இவ்வளவு வருந்தியிருப்பாரோ தெரியாது. பிறகு நடந்ததைப் பார்க்கும்போது, வருந்தியிருக்கமாட்டார் என்றுதான் படுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலே இவர் தூக்கிப் பிடித்த கொடி பொயி. சேப்பங்கிழங்கை அவித்து, இடித்து, தண்ணீர் விட்டுக் குழைத்து, இரண்டு மூன்று நாள் புளிக்கவிடுவது. சாம்பலும் ஊதாவும் கலந்த நிறம். நோட்டீஸ் ஒட்டக் காய்ச்சும் பசையைக் கொஞ்சம் புளிக்கவைத்தால் அதுதான். முதல் தடவை கிழங்கை அரைகுறையாக அவித்து எல்லோருக்கும் கொடுத்தார். வந்திருந்த அத்தனை பேருக்கும் தொண்டை அரித்து, புளி கரைத்துக் குடித்தோம். "உங்களுக்குப் பழக்கமில்லை" என்றார். அவருக்கும் அரித்தது. தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.

அந்தப் பொயிக்கு ஒரு விதி உண்டு. சம்பந்தி வீட்டில் சொல்லிக் கொடுத்ததாம். சேப்பங்கிழங்கு அந்தச் சனத்துக்கு ஒரு மூத்த அண்ணன். முதல் பிறந்து இறந்துபோன பிள்ளையைப் புதைத்த இடத்தில் முளைத்தது அந்தச் செடி. பிறகு பிறந்த பிள்ளையின் வழி வந்தவர்கள்தான் மனிதர்கள். அண்ணன் தன் இளையதுகளுக்குச் சோறு போடுகிறான். ஆகவே பொயிக் கிண்ணம் மேசையில் திறந்திருக்கும்போது, அண்ணன் முன்னால் இருக்கிறான் என்று நினைத்து ஒருவரும் சண்டை பிடிக்கக்கூடாது. கேட்க எனக்கே பிடித்திருந்தது. நல்ல சனம், நல்ல வழக்கம். அது இவர் கையில் போய் அகப்பட்டதுதான் கொடுமை. "சண்டை, கவலைக் கதை, ஊர்ப் பிரச்சினை, ஒண்டும் கதைக்கக்கூடாது" என்பார். சண்டை மட்டும்தான் கூடாது, கவலையைச் சேர்த்தது அப்பாவின் சொந்தச் சரக்கு என்று மகள் ஒருநாள் ஸ்பீக்கர் போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். இவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

ஊரில் சண்டை முடிந்துகொண்டிருந்த வருடம் அது. ஸ்காபரோவில் அடுப்பு எரிந்த வீடுகள் குறைவு. ரேடியோவைச் சுற்றிச் சனம் குந்தியிருந்தது. வேலை முடிந்து வந்த உடுப்போடு ரெயின் ஏறி நகரத்துக்குப் போய், போரை நிறுத்தச் சொல்லிக் குளிரில் கொடியோடும் படங்களோடும் தெருவில் நின்றோம். வெள்ளைக்காரர் ஹோர்ன் அடித்துத் திட்டிக்கொண்டு போனார்கள். ஒருநாள் போகும்போது இவரையும் கூப்பிட்டேன்.

"எல்லாரும் நிக்கிறம் அண்ணை. நீங்களும் ஒருக்கா வாங்கோ."

"நேரம் இருந்தால் வந்திருப்பன். நீர் வெறும் வயித்தோடை போகாதையும். இந்தாரும்" என்று ஒரு பெட்டியில் தேங்காய்ப்பால் புட்டிங் வெட்டித் தந்தார். ஹவுப்பியா என்று பெயர். தெருவில் நின்று அதைத் தின்றேன். நல்ல ருசி. அதுதான் இன்னும் எரிச்சல்.

இளகிய மனம், தாங்காது, அதுதான் பேச்சை மாற்றுகிறார் என்று சிலர் சொன்னார்கள். தாங்க முடியாதவன் அழுவான், குடிப்பான், கோயிலுக்குள் போய் விழுந்து கிடப்பான். வன்னியில் ஆட்கள் செத்துக்கொண்டிருக்கும்போது, பச்சை மீனுக்கு நல்லெண்ணெய் எவ்வளவு விடுவது என்று சொல்லிக்கொண்டு நிற்கமாட்டான்.

அவருடைய தாய் வன்னிக்குள் இருந்தார். இதை நான் அவர் வாயால் கேட்டதேயில்லை. அவருடைய தங்கை வதனி சொல்லித்தான் தெரியும். வதனி எங்களுக்குக் கிட்ட ஒரு அப்பார்ட்மென்றில் இருந்தாள். அவளும் புருஷனும் பாண் சுடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. தாயைக் கனடாவுக்கு எடுக்க வேண்டுமென்றால் எடுக்கிறவர் ஒரு வருட வருமானம் காட்ட வேண்டும். அவர்களுடைய வருமானம் காணாது. அண்ணனுடையது தாராளமாகக் காணும். ஒரு கையெழுத்து வைத்துத் தாயின் பொறுப்பை ஏற்க வேண்டும், அவ்வளவுதான். மாசி மாதத்திலிருந்து வதனி அதைக் கேட்கத்தான் சனிக்கிழமைகளில் வந்துகொண்டிருந்தாள். அவள் சப்பாத்துக் கழற்றும் சத்தம் கேட்டதும் இவர் பொயிக் கிண்ணத்தை மேசைக்குக் கொண்டுவந்து திறந்துவிடுவார். மூடியைத் தன் கதிரைக்குப் பின்னால் வைத்துக்கொள்வார்.

"அண்ணை, அம்மான்ரை விசயம்…"

"பொயி திறந்திருக்கெல்லே பிள்ளை. சாப்பிடு முதல். பிறகு கதைப்பம்."

பிறகு என்பது வந்ததே இல்லை. சாப்பிட்டு முடிய அவருக்கு ஒரு போன் வரும், அல்லது தலையிடிக்கும். மாட்டேன் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கெட்ட மகன் என்று பெயர் வந்துவிடுமே. விருப்பமில்லை, அந்தப் பெயரும் வேண்டாம். கேள்வியே வராவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை என்று கணக்குப் போட்ட மனிதர். அந்தக் கணக்கை வைத்து மாசி போனது, பங்குனி போனது, சித்திரையும் போனது.

வைகாசியில் எல்லாம் முடிந்தது. தாய் உயிரோடு வந்து வவுனியாவில் முள்ளுக்கம்பி போட்ட முகாமில் இருப்பதாக வதனிக்குத் தகவல் வந்தது. நீரிழிவு, காலில் ஆறாத புண். தறப்பாள் கொட்டிலில் பதினைந்து பேரோடு படுக்கை. அடுத்த சனிக்கிழமை அவள் வந்தாள்.

அன்று காலை இவருடைய மனைவி என்னை மேலே கூப்பிட்டிருந்தார். நான் அவரை அக்கா என்பேன். பொயி இடிப்பது எப்போதும் அவர்தான். இவர் பக்கத்தில் நின்று அங்கே எப்படி இடிப்பார்கள் என்று சொல்வார். அக்காவுக்கு மணிக்கட்டு வீங்கியிருந்ததால் நான் இடித்துக் கொடுத்தேன். ஒரு வாளி கிழங்கு. புளிக்க விட அன்றைக்கு நேரமில்லை. பாதியை மரக் கிண்ணத்தில் போட்டார், மிச்சத்தைப் பழைய ஐஸ்கிறீம் வாளி ஒன்றில் போட்டு பிரிஜ்ஜுக்குள் வைத்தார். "நீரும் இருந்து சாப்பிட்டிட்டுப் போம்" என்று என்னையும் மறித்துவிட்டார். ஏன் மறித்தார் என்று அப்போது தெரியவில்லை.

வதனி கையைக் கழுவிவிட்டு வந்து மேசையில் இருந்தாள். தொழிற்சாலை மா முழங்கையில் ஒட்டியிருந்தது. அண்ணன் மூடியை எடுத்துப் பின்னால் வைத்தார்.

"அண்ணை, அம்மா வெளியிலை வந்திட்டா. போன் கதைச்சனான். கால்…"

"கேள்விப்பட்டனான் பிள்ளை. நல்ல விசயம். கடவுள் கைவிடேல்லை. சாப்பிடு. பொயி திறந்திருக்கு."

"ஓம்" என்றாள் வதனி. "தெரியும்."

கிண்ணத்தைத் தன் பக்கமாக இழுத்தாள். இரண்டு விரலை உள்ளே விட்டு, சுழற்றி, வாயில் வைத்தாள். விழுங்கினாள். திரும்பவும் விட்டாள். பசியில் சாப்பிடுகிறவள் மாதிரி இல்லை. வேலையிடத்தில் ஓவர்ரைம் செய்கிறவள் மாதிரி, ஒரே வேகத்தில், யாரையும் பாராமல். ஐந்து பேர் சாப்பிடக் காணும் பொயி. இடையில் ஒருமுறை குமட்டியது. கையால் வாயைப் பொத்திப் பிடித்து அதையும் உள்ளே தள்ளிவிட்டுத் தொடர்ந்தாள்.

இவருக்கு முதலில் சந்தோஷம். "அப்பிடித்தான், விரலாலைதான் சாப்பிடோணும். தடிப்பான பொயிக்கு ஒரு விரல், தண்ணிப் பொயிக்கு மூண்டு" என்று எனக்கு விளக்கம் சொன்னார். கிண்ணத்தின் அடி தெரியத் தொடங்கியதும் பேச்சு நின்றது. நான் வெட்கம்கெட்டுப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் விளிம்பைச் சுற்றி வழித்து, விரலைச் சூப்பி, கிண்ணத்தைக் கவிழ்த்து மேசையில் வைத்தாள்.

"முடிஞ்சுது. இனிக் கதைக்கலாம்தானே. அம்மாவுக்குக் கையெழுத்து வைப்பியளோ, வைக்கமாட்டியளோ?"

இவர் கவிழ்ந்த கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு குசினிப் பக்கம் திரும்பி, "இஞ்சரும்," என்று மனைவியைக் கூப்பிட்டார். "மிச்சம் பொயி இருக்கெல்லே. கொண்டுவாரும்."

அக்கா பிரிஜ்ஜுக்குப் பக்கத்தில்தான் நின்றார். முதுகு பிரிஜ் கதவில் சாய்ந்திருந்தது.

"இல்லை" என்றார். "எல்லாம் முடிஞ்சுது."

"காலமை தம்பி இடிச்சவர்தானே. பாதி உள்ளை…"

"முடிஞ்சுது எண்டு சொல்லுறன்." அக்கா என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்துத் தலையாட்டினேன். அக்கா வந்து ஒரு கதிரையை இழுத்து, நாத்தனாருக்குப் பக்கத்தில் இருந்தார். ஆட்கள் சாப்பிடும்போது அவர் அந்த மேசையில் இருந்து நான் கண்டதில்லை. "அவ கேட்டதுக்கு மறுமொழி சொல்லுங்கோ."

பூச்சேட்டுக்குள் மனிதர் வியர்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க எனக்குக் கொஞ்சம்கூட இரக்கம் வரவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பத்து வருசப் பொறுப்பு. இந்த வயசிலை என்னாலை ஏலாது பிள்ளை."

அழுவாள் என்று நினைத்தேன். வதனி நெடுமூச்சு விட்டாள், பஸ்சைப் பிடித்துவிட்ட ஆள் விடுவது போல.

"உதை மாசியிலை சொல்லியிருக்கலாமே அண்ணை. மாசியிலை சொல்லியிருந்தால் என்ரை மனுசன் அப்பவே ரெண்டாவது வேலை எடுத்திருப்பார். ஒரு வருசத்திலை நாலு மாசம் எப்பவோ போயிருக்கும். நீங்கள் மாட்டன் எண்டது எனக்குப் பெரிசில்லை. உந்த நாலு மாசத்தை அம்மாட்டை ஆர் போய்ச் சொல்லுறது?"

எழும்பிப் போய்க் கையைக் கழுவினாள். சப்பாத்தைப் போட்டாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். அடுத்த கிழமையே அவளுடைய புருஷன் இரவில் பார்சல் ஏற்றும் வேலைக்குப் போகத் தொடங்கினான். தாய் பிறகு வந்து சேர்ந்தது அந்த வேலையின் தயவில். விமான நிலையத்தில் சக்கர நாற்காலியில்தான் இறக்கினார்கள். புண்ணிருந்த காலை முழங்காலோடு எடுத்திருந்தார்கள். இவர் பூமாலையோடு போய் நின்றாராம், ஹவாயில் அப்படித்தான் வரவேற்பார்கள் என்று. அப்போது நான் அந்த வீட்டை விட்டு யூனியன்வில் பக்கம் போய்விட்டிருந்தேன்.

அன்றைக்கு வதனி போனதும் மேசையில் மூன்று பேர் மிஞ்சியிருந்தோம். இவர் கவிழ்ந்த கிண்ணத்தை நிமிர்த்தி உள்ளே பார்த்தார். முகம் கொஞ்சம் தெளிந்தது. என் பக்கம் திரும்பினார்.

"கண்டனீரோ தம்பி, புதுசாச் சாப்பிடுற ஆக்கள் ஒருத்தரும் உப்பிடி வழிச்சுச் சாப்பிடமாட்டினம். அவளுக்குப் பிடிச்சிட்டுது."

என் வாழ்க்கையில் கள்ளரைக் கண்டிருக்கிறேன், காட்டிக்கொடுத்தவரைக் கண்டிருக்கிறேன். அந்த நிமிஷத்தில் அந்த மனிதரை வெறுத்த அளவுக்கு ஒருவரையும் வெறுத்ததில்லை. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு எழும்பத்தான் இருந்தேன். அதற்குள் அக்கா எழும்பிவிட்டார். பிரிஜ்ஜைத் திறந்து ஐஸ்கிறீம் வாளியை எடுத்தார். வீங்கிய கையால் அதைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் வைத்து, மூடியைக் கழற்றினார். உள்ளே விளிம்பு வரைக்கும் பொயி.

"ஆறுதலாச் சாப்பிடுங்கோ" என்றார். "இனி உங்களிட்டை ஒருத்தரும் ஒண்டும் கேக்கமாட்டினம்."